ஓர் ஊர் கொடுத்த வாக்கு



சந்தையில் பேரம் பேசுவது நம்மவர்க்குக் கைவந்த கலை. கத்தரிக்காயை இரண்டு ரூபாய் குறைத்து வாங்கிவிட்டால், வெற்றி வாகை சூடியவர்போல் வீடு திரும்புவோம். அந்த இரண்டு ரூபாய் யார் வீட்டு உலையிலிருந்து குறைந்தது என்று எண்ணுவோர் சிலரே. ஆனால் ஓர் ஊரே கூடி அப்படி எண்ணிப் பார்த்தது உண்டு.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் கார்ஸ்டாங் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே புரூஸ் குரௌதர் என்ற கால்நடை மருத்துவரும் நண்பர்களும், உழைத்தவருக்கு உரிய விலை கொடுத்து வாங்கிய காப்பியையும் தேயிலையையும் சாக்லேட்டையும் விற்கும்படி கடைக்காரர்களை வேண்டினர். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஊரார் பொதுக்கூட்டம் கூடி, தம் ஊரை 'நியாய வணிக நகரம்' என ஏறக்குறைய ஒருமனதாக அறிவித்தனர். உலகில் அதுவே முதல். பின்னர்ப் பல நாடுகளில் எத்தனையோ ஊர்கள் அவ்வழியைப் பின்பற்றின.

'நியாய விலை' என்றதும் நமக்கு ரேஷன் கடை நினைவுக்கு வரும். அங்கே நியாயம் வாங்குவோருக்கு, இங்கே விளைவிப்போருக்கு! சந்தை சரிந்தாலும், பெரும்பாலான விளைபொருள்களுக்குக் குறித்த குறைந்தபட்ச விலைக்குக் கீழே கொடுப்பதில்லை. அதற்கு மேலும் ஒரு தொகை உண்டு. அதைப் பள்ளிக்குச் செலவிடுவதா, கிணற்றுக்கா என்பதை விளைவிப்போரே கூடித் தீர்மானிப்பர்.

நம் நாட்டிலும் 1999இல் ஆந்திரத்தில் ரைத்து பஜாரும், அதே ஆண்டு நவம்பரில் மதுரையில் உழவர் சந்தையும் தோன்றின. நாம் பிறந்த மாநிலமும் பிழைக்க வந்த மாநிலமும் ஒரே ஆண்டில் இடைத்தரகரை விலக்கிப் பார்த்தன. எனினும் அவை அரசு திறந்த கதவுகள். கார்ஸ்டாங்கில் கதவைத் திறந்தவர்கள் வாங்குவோரே.

வரதய்யபாளையத்தில் வாழும் தமிழர்க்குக் காளத்தி தொலைவில் இல்லை. அங்கே மூங்கில் எழுதுகோலால் கலம்காரி வரைகின்றனர். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து, உலர்த்தி, கையால் கோடிட்டு, வண்ணத்திற்கு வண்ணம் அலசி முடிக்கும் வேலை. பொறியில் அச்சிட்ட போலியோ நொடியில் முடிந்து, மலிவாக வந்து பக்கத்தில் நிற்கிறது. நாமும் கண்மூடி அதை வாங்குகிறோம்.

அடுத்த பொங்கல் விழாவிற்குச் சால்வைகள் வாங்கப் போகும் நம் சங்கங்கள், வரைபவரையே நேரில் நாடலாம். முன்பணம் தந்து, அவர் சொல்லும் நாள்வரை காத்திருக்கலாம். காத்திருப்பதுகூட எளிது. அவர் சொல்லும் விலையைக் கேட்டுப் பேசாமலிருப்பதுதான் நம்மவர்க்குச் சற்றுக் கடினம்.