விழா முடிந்த மறுநாள்



ஒரு பல்கலைக்கழகம் மாநாட்டு மண்டபமும் விளையாட்டரங்கும் கட்ட நினைத்தால் முதலில் மேசைக்கு வருவது வரைபடம். அடுத்து வருவது மதிப்பீடு. எத்தனை இருக்கை, எத்தனை கோடி, அடிக்கல் நாட்டுவது யார் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பத்தாம் ஆண்டில் கூரை ஒழுகினால் எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை ஹைதராபாத் திரும்பத் திரும்பச் சந்தித்திருக்கிறது.

1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் தன் வளாகத்தைக் கட்ட அவசரப்படவில்லை. நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸிடம் யோசனை கேட்டது. பிறகு நிஜாம் அரசு ஜெயின் யார் ஜங், சையது அலி ரஜா என்னும் இருவரைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பார்த்துவர அனுப்பியது. அந்தப் பயணத்தின் பயனாக, எகிப்தில் பணியாற்றிக்கொண்டிருந்த பெல்ஜியக் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் ஜாஸ்பர் ஹைதராபாத் வந்து சேர்ந்தார். கலைக்கல்லூரிக் கட்டடத்துக்கு 1934இல் அடிக்கல் நாட்டினார்கள், 1939இல் திறந்தார்கள். அந்தக் கல் மாளிகையில் இன்றும் வகுப்பு நடக்கிறது. நாள்தோறும் மாணவர் ஏறி இறங்கும் படிக்கட்டு என்பதால் அதைப் பழுதுபார்க்கும் கடமையை யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

விளையாட்டரங்குகளின் கதை வேறு. 2002 டிசம்பரில் தேசிய விளையாட்டுப் போட்டி இங்கே நடந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் முதல் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டி வந்தது. கச்சிபௌலியில் பாலயோகி தடகள அரங்கம், நீச்சல் குளம், உள்ளரங்கம் எல்லாம் மளமளவென்று எழுந்தன. உஸ்மானியா வளாகத்தில் சைக்கிள் பந்தயத்துக்கென ஒரு வெலோட்ரோம் அமைந்தது. இந்த நகரத்தால் முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய நாட்கள் அவை. அதில் பெருமைப்படாதவர் இல்லை.

ஆனால் பந்தல் பிரித்த பிறகு என்ன? வெலோட்ரோம் பராமரிப்பில்லாமல் கிடக்கிறது என்று நாளிதழ்கள் பலமுறை எழுதின. பாலயோகி அரங்கம் 2019இல் ஹைதராபாத் எஃப்சி கால்பந்து அணியின் சொந்த மைதானமான பிறகு மீண்டும் ரசிகர் கூட்டத்தைப் பார்த்தது. போட்டி நாளுக்காகக் கட்டியவர்கள் பயிற்சி நாளுக்கு ஆள் தேடவில்லை. குறை அங்கேதான்.

அதே கச்சிபௌலியில் நேர்மாறான ஒரு காட்சியும் உண்டு. 2001இல் ஆல் இங்கிலாந்து இறகுப்பந்துப் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்துக்கு, அகாடமி தொடங்க அரசு ஐந்து ஏக்கரைக் குத்தகைக்குத் தந்தது. நிலம் வந்தது, கட்டப் பணம் வரவில்லை. அவர் குடும்பத்தின் வீட்டை அடமானம் வைத்தார். தொழிலதிபர் நிம்மகட்டா பிரசாத் பெருந்தொகை நன்கொடை கொடுத்தார். 2008இல் அகாடமி திறந்தது. 2012இல் சாய்னா நேவாலின் ஒலிம்பிக் வெண்கலமும் 2016இல் பி.வி. சிந்துவின் வெள்ளியும் அங்கே வியர்வை சிந்திப் பெற்றவை. அங்கே முதலில் இருந்தவர் பயிற்சியாளர். கட்டடம் அவருக்குப் பின்னால் வந்தது.

மண்டபத்துக்கும் இதே நியாயம்தான். 2010 ஆகஸ்டில் உலகக் கணித மாநாடு முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தது. அமைப்புக் குழுவில் பணியாற்றியவர் ஹைதராபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரஜத் டாண்டன். மாநாடு கூடியதோ, மாதாப்பூரிலுள்ள சர்வதேச மாநாட்டு மையத்தில். பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கான இருக்கைகளுடன் சொந்த மண்டபம் கட்டாமலே உலகை வரவேற்றது. சரியான முடிவு. தேர் வரும் நாளுக்காக வீட்டுத் திண்ணையைத் தேர் அளவுக்குக் கட்டுவாரில்லை. வாரந்தோறும் நடக்கும் கருத்தரங்குக்கும் நாடகத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் எத்தனை பேர் வருவார்களோ, அந்த அளவுதான் வளாக மண்டபத்தின் அளவு.

இருக்கை மட்டும் மாநாட்டை நடத்திவிடாது என்பதற்கும் இங்கேயே சான்று உண்டு. 105ஆவது இந்திய அறிவியல் மாநாடு 2018 ஜனவரியில் உஸ்மானியாவில் நடக்க வேண்டியது. வளாகத்தில் நிலவிய மாணவர் கொந்தளிப்பால் பல்கலைக்கழகம் பின்வாங்கியது. மாநாடு மார்ச்சில் மணிப்பூர் பல்கலைக்கழகத்துக்குப் போனது. மாணவரோடு பேசி முடிக்காத எந்தத் திட்டமும் இப்படித்தான் கடைசி நேரத்தில் தடுமாறும்.

பணத்துக்கு வருவோம். மத்திய அரசின் மானியம் உண்டு. 2017இல் அரசும் கனரா வங்கியும் சேர்ந்து தொடங்கிய ஹெஃபா என்னும் உயர்கல்வி நிதி நிறுவனத்தின் கடன் உண்டு. கட்டடம் கட்டவும் கருவி வாங்கவும் அது உதவும், ஆனால் கடன் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். மூன்றாவதாக ஒரு வழியைச் சிலர் சொல்வார்கள்: நிலம் இருக்கிறதே, அதை வைத்துப் பணம் திரட்டலாமே என்று.

அந்த வழி எங்கே கொண்டுபோய்விடும்? 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இரண்டாயிரத்து முந்நூறு ஏக்கருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. அதை ஒட்டிய காஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கரை, விளையாட்டு அகாடமிகள் கட்டுவதற்கென்று ஐஎம்ஜி பாரதா என்ற நிறுவனத்துக்கு அன்றைய ஆந்திர அரசு கொடுத்தது. 2006இல் அடுத்த அரசு அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. வழக்கு 2024 வரை நீண்டு, அரசின் பக்கம் தீர்ப்பானது. இத்தனை ஆண்டுகளில் அங்கே ஓர் ஓட்டப்பாதை கூட வரவில்லை. வந்தவை மரங்களும் மயில்களும் மான்களும். 2025 மார்ச் இறுதியில், தொழில்நுட்பப் பூங்காவுக்காக என்று புல்டோசர்கள் இறங்கின. மாணவர்கள் குறுக்கே நின்றார்கள். ஏப்ரல் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தியது. நிலம் யாருடையது என்பதில் அரசுக்கும் பல்கலைக்கழகத்தாருக்கும் வாதம் இருக்கலாம். விளையாட்டின் பெயரைச் சொல்லிக் கைமாறிய நிலம் விளையாட்டுக்குத் திரும்பவே இல்லை என்பதில் வாதமில்லை.

ஆகவே பல்கலைக்கழகங்களிடம் நாம் முன்வைக்கும் கோரிக்கை நான்கு வரியில் அடங்கும். கட்டும் செலவோடு ஒரு பராமரிப்பு வைப்பு நிதியையும் அதே தீர்மானத்தில் ஒதுக்குங்கள். அதன் வட்டியை வேறு செலவுக்குத் தொடாதீர்கள். திருமணத்துக்கும் கண்காட்சிக்கும் வாடகைக்கு விடும் நாட்களுக்கு உச்சவரம்பு வையுங்கள். காலை ஐந்து மணிமுதல் எட்டு மணிவரை, மாலை நான்கு மணிமுதல் ஏழு மணிவரை மைதானம் மாணவருடையது என்று திட்ட அறிக்கையிலேயே எழுதி, அடிக்கல் நாட்டும் முன் அந்தப் பக்கத்தை விடுதிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.