செவ்வாயில் உயிர் தேடும் யந்திரங்கள்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



செவ்வாய் என்றதும் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது சாதகக் கட்டமே. செவ்வாய் எந்த வீட்டில் நிற்கிறது என்பது கலியாணப் பேச்சில் பெரிய கேள்வி. இன்று நான் எடுத்துக்கொண்டதும் செவ்வாயைப் பற்றிய கேள்விதான். ஆனால் அது வேறொரு கேள்வி. அக்கிரகத்தில் உயிர் இருக்கிறதா? அன்றி, என்றேனும் இருந்ததா? அதை அறிய மனிதன் ஒரு யந்திரத்தை அனுப்புவதானால், அந்த யந்திரம் எப்படி அமைய வேண்டும்?

நல்ல சில்லும், நல்ல கமராவும், பலமான கையும் இருந்தால் போதும் என்று நீங்கள் நினைக்கலாம். அவை வேண்டியவையே. ஆயினும் அவற்றிலும் அரியது ஒன்று உண்டு. தான் கண்டதைத் தானே ஐயுற்றுச் சோதிக்கும் வகையில் யந்திரத்தை அமைப்பதே அது. இவ்வுண்மையை விஞ்ஞானிகள் எளிதிற் கற்றுக்கொள்ளவில்லை.

1976ஆம் ஆண்டில் அமெரிக்கரின் வைக்கிங் கலங்கள் இரண்டு செவ்வாயில் இறங்கின. அவை ஊர்ந்து செல்பவை அல்ல; இறங்கிய இடத்திலேயே நின்று, கையெட்டும் தூரத்து மண்ணை அள்ளி ஆராய்ந்தன. ஒரு சோதனையில், கதிர்வீசும் காபன் கலந்த ஊட்டக் கரைசலை மண்ணில் விட்டுப் பார்த்தார்கள். நுண்ணுயிர்கள் இருந்து அதனை உண்டால், அந்தக் காபன் வாயுவாக வெளிவரும் என்பது எண்ணம். அவ்வாறே வாயு வெளிவந்தது! மண்ணை நன்றாகச் சூடாக்கிவிட்டுச் செய்தபோது வரவில்லை. உயிர் அகப்பட்டுவிட்டது என்றே சிலர் கருதினர்.

ஆனால், மண்ணை அடுப்பிலிட்டு அதிலுள்ள சேதனப் பொருளைத் தேடிய மற்றொரு கருவி, செவ்வாய்க்கு உரியதென்று சொல்லத்தக்க எதையும் காணவில்லை. உடலுக்கு வேண்டிய பொருளே இல்லாத இடத்தில் உயிர் எங்ஙனம் இருக்கும்? மண்ணின் இரசாயனமே அவ்வாயுவைத் தந்திருக்கலாம் என்று பெரும்பாலோர் முடிவு செய்தனர்.

கதை இவ்வளவில் முடியவில்லை. 2008இல் பீனிக்ஸ் என்னும் கலம் செவ்வாய் மண்ணில் பேர்குளோரேற்று என்ற உப்பைக் கண்டது. சூடாக்கும்போது சேதனப் பொருளை எரித்துவிடும் தன்மை அதற்கு உண்டு. அப்படியானால், எதைத் தேடி அடுப்பை மூட்டினார்களோ அதனை அந்த அடுப்பே அழித்திருக்கலாம் அல்லவா? நண்பர்களே, தேடும் முறையே தேடும் பொருளைக் கெடுத்துவிடக்கூடும். யந்திரம் அமைப்போர் மறக்கலாகாத முதற் பாடம் இது.

இரண்டாவது பாடம், நின்ற இடத்தில் நின்று தேடினாற் போதாது என்பது. 1997இல் சோஜேர்னர் என்னும் சிறு ஊர்தி சென்றது. 2004இல் ஸ்பிரிற், ஒப்பர்சூனிற்றி என்ற இரண்டு ஊர்திகள் இறங்கின. 90 நாள் உழைத்தாற் போதும் என்று செய்யப்பட்ட ஒப்பர்சூனிற்றி, 14 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 45 கிலோமீற்றர் ஊர்ந்தது. 2018இல் வீசிய பெரும் புழுதிப் புயலில் வெயில் மறைந்து, அதன் மின்சாரம் அற்றுப்போயிற்று.

ஸ்பிரிற்றின் கதை இன்னும் சுவையானது. 2006இல் அதன் சில்லு ஒன்று சுழலாமல் நின்றுவிட்டது. நொண்டி மாடுபோல அந்தச் சில்லை இழுத்துக்கொண்டே அது நகர்ந்தது. இழுபட்ட தடத்தில் 2007இல் வெண்ணிற மண் வெளிப்பட்டது. ஆராய்ந்தபோது அது பெரும்பாலும் சிலிக்கா. வெந்நீரோ நீராவியோ ஒருகால் அங்கு இருந்தமைக்கு அடையாளம். ஊனமும் ஒரு கண்டுபிடிப்புக்கு வழியாயிற்று.

இங்கிருந்து அனுப்பும் வானொலிச் சைகை செவ்வாயை அடைய 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை செல்லும். முன்னே பள்ளம் என்று ஊர்தி அறிவித்து, நாம் நில் என்று சொல்வதற்குள் அது விழுந்துவிடும். ஆகவே கல்லையும் குழியையும் தானே பார்த்து விலகும் அறிவை அதற்கு ஊட்டவேண்டியதாயிற்று. 2012இல் இறங்கிய கியூரியோசிற்றியின் மெல்லிய அலுமினியச் சில்லுகளைக் கூரிய கற்கள் கிழித்தன. அதைக் கண்டு, 2021 பெப்ரவரி 18இல் இறங்கிய பெர்சிவரன்சுக்குத் தடித்த சில்லுகள் அமைத்தார்கள். வெயிலை நம்பாமல், புளுத்தோனியத்தின் சூட்டிலிருந்து மின்சாரம் பெறவும் இவ்விரண்டிலும் வழிசெய்தார்கள்.

மூன்றாவது பாடமே மிக நுட்பமானது. நாம் அனுப்பும் ஊர்தியில் பூமியின் நுண்ணுயிர் ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? நம் வீட்டுத் தூசியை அங்கே கொண்டுபோய், அதையே கண்டுபிடித்து மகிழ்வோம்! அதனாலன்றோ வைக்கிங் கலங்களை ஏறக்குறைய 112 பாகை செல்சியஸ் சூட்டில் 30 மணி நேரம் வைத்துத் தூய்மை செய்தார்கள். பிற கிரகங்களை மாசுபடுத்தலாகாது என்பதை 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையும் வற்புறுத்துகிறது.

பெர்சிவரன்ஸ் எடுத்துச்சென்ற மாதிரிக் குழாய்கள் 43. அவற்றுள் 5 குழாய்களில் செவ்வாயின் கல் இடப்படுவதில்லை. அவை சாட்சிக் குழாய்கள். ஊர்தியோடு சென்ற அழுக்கு எது என்பதை அவை காட்டும். தன் குற்றத்துக்குத் தானே சாட்சி கொண்டுசெல்லும் யந்திரம் இது.

இதன் பயனை இப்போது காண்கிறோம். 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரியாக இருந்த ஜெசறோ என்னும் பள்ளத்தில், 2024 யூலையில் இந்த ஊர்தி ஒரு கல்லைக் கண்டது. சிறுத்தையின் மேற்புள்ளிகள் போன்ற புள்ளிகள் அதில் இருந்தன. இரும்பும் பொசுபரசும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிப்பொருள்கள் அங்கே காணப்பட்டன. பூமியில் இத்தகையவற்றை நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு. உயிரின்றியும் அவை உண்டாகலாம். 2025 செப்ரெம்பரில் முடிவை வெளியிட்டபோது, உயிரைக் கண்டோம் என்று விஞ்ஞானிகள் சொல்லவில்லை. உயிரின் அடையாளமாக இருக்கக்கூடியது என்று மட்டுமே சொன்னார்கள். அக்கல்லின் துண்டொன்று குழாயில் அடைக்கப்பட்டிருக்கிறது. அதனைப் பூமிக்குக் கொண்டுவரும் முயற்சி பெருஞ்செலவால் தடைப்பட்டு நிற்கிறது.

உலகம் முழுவதும் கேட்க ஆவலாயிருக்கும் ஒரு சொல் நாவின் நுனியில் நிற்கிறது. அதைச் சொன்னால் புகழ் வரும், பணமும் வரும். எனினும், சான்று போதாது என்று அடக்கிக்கொள்கிறார்களே, அந்த அடக்கத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1976இல் அவசரப்பட்டு ஆம் என்றிருந்தாலும் பிழை. இனித் தேடவே வேண்டாம் என்று விட்டிருந்தாலும் பிழை.

வாலிப நண்பர்களே! கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் கற்கும் உங்களுள் ஒருவர் நாளை இத்தகைய கருவி ஒன்றை அமைக்கலாம். சில்லு உறுதியாக இருக்கட்டும். கை நுட்பமாக இருக்கட்டும். ஆனால் ஒரு வெறுங்குழாயையும் உடன் அனுப்ப மறவாதீர்கள். நாம் விரும்பும் விடையையே நாம் கண்டுவிடாதபடி காப்பது அதுவே.