நம் பிள்ளையை நாமே ஒதுக்கலாமா?

(நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பங்களிடம் ஆற்றிய உரை)



நாம் பேசக் கூச்சப்படும் ஒரு விஷயத்தை இன்று பேச வந்திருக்கிறேன். லயத்தில் ஒரு பையன் கொஞ்சம் மென்மையாக நடந்தாலே 'பொண்டான்' என்கிறோம். ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புகிறாள் என்று தெரிந்தால் அவசரமாகக் கல்யாணம் பேசுகிறோம், அல்லது மந்திரிக்க அழைத்துப் போகிறோம்.

இது நோயா? இல்லை. 1990-இல் உலகச் சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 2019-இல் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் பேரின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். இதற்கென்று தனியாக ஒரு மரபணு இல்லை, பல மரபணுக்களும் வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன என்று கண்டார்கள். அம்மா செல்லம் கொடுத்ததால் வந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆகவே தாய்மார்களே, உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

'இது வெள்ளைக்காரன் பழக்கம்' என்பார்கள். உண்மையில் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது தண்டனைச் சட்டத்தைத்தான். 1860-இல் இந்தியாவில் அவன் எழுதிய 377-ஆம் பிரிவின் வழியில் வந்ததே நம் நாட்டின் 377ஏ. அதற்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. இங்கே சட்டம் அப்படியே இருக்கிறது.

திருநங்கையர் விஷயம் வேறு. ஆனால் அவர்கள் வாங்கும் ஏச்சும் இதேதான். பெண் உடை அணியும் ஆண்களைத் தண்டிக்கும் நம் மாநில ஷரியா சட்டத்தை எதிர்த்து முஸ்லிம் திருநங்கையர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2012-இல் சிரம்பான் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்று 2015-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. ஆனாலும் அவர்கள் துணிந்து கேட்டார்கள்.

2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, மனநல ஆலோசகரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகுதான் உத்தரவு எழுதினார். 'குணப்படுத்துகிறேன்' என்று செய்யும் முயற்சிகளுக்கும் தடை விதித்தார்.

ஒரு நீதிபதியே கற்றுக்கொள்ளும்போது நமக்கு என்ன வெட்கம்? பள்ளிக்கும் கோயிலுக்கும் வீட்டுக்கும் உரிமை கேட்கிறோம். சிறுபான்மை என்று மிதிக்காதே என்கிறோம். அந்த நியாயம் நம் வீட்டுக்குள்ளும் வேண்டும். பிள்ளையை அடிக்காதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள், வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். உட்கார வைத்துச் சோறு போட்டு, அது சொல்வதைக் கேளுங்கள்.