ஒழுகும் ஹீட்டரும் ஒரு முழ இரப்பர்க் குழாயும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேச ஆன்றோர் பலர் உளர். இரயில்வே எழுத்தராகிய நாம், நமக்களிக்கப்பட்ட சிறு பொழுதில், பழைய மோட்டார் வண்டியினுள் ஒழுகும் ஒரு கருவியைப் பற்றிப் பேச முற்படுகின்றோம். இதென்ன தலைப்பு என்று சிலர் புன்னகை புரியலாம். ஆயினும் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் நம் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நம் மக்களில் பலர் மாரிக்குப்பத்திலும் ஊர்காமிலும் இரயிலேறி, பங்காரப்பேட்டை வழியே பெங்களூர் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். வேறு சிலரோ, கைமாறி வந்த பழைய கார் ஒன்றை வாங்கி, அதனை வாடகைக்கு ஓட்டி வாழ்கின்றனர். அவ்வண்டி நின்றால் அவர்கள் வீட்டு அடுப்பும் நிற்கும். ஆகவே இதனைக் குடும்பப் பொருளாகவே கருத வேண்டுகிறோம்.

வெப்பத்தோடு போராடுவது இவ்வூருக்குப் புதிதன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை சென்டிகிரேடைத் தாண்டிற்று. குளிர்ந்த காற்றைச் செலுத்தியே நம் முன்னோர் அங்கே உழைத்தனர். மோட்டார் இயந்திரத்துக்கும் அதே தேவை உண்டு. காற்றுக்குப் பதிலாக அங்கே குளிர்நீர் ஓடுகின்றது. அதனைக் கூலன்ட் என்பர்.

இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்ட நீர், முகப்பிலுள்ள ரேடியேட்டரில் ஆறி, வாட்டர் பம்பினால் மீண்டும் தள்ளப்படுகிறது. இதன் கிளையாக இரண்டு இரப்பர்க் குழாய்கள் பின்சுவரைத் துளைத்து வண்டிக்குள் செல்கின்றன. அங்கே டாஷ்போர்டின் பின்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கின்றது. அதுவே ஹீட்டர் கோர். பட்டறைக்காரர் ஹீட்டர் காயில் என்பர். அதன்மீது காற்று வீசினால் உள்ளே கதகதப்பு வரும். முன்கண்ணாடியின் மூட்டமும் நீங்கும்.

ஆண்டுகள் பல சென்றபின், அரிப்பினால் இக்கருவி ஒழுகத் தொடங்கும். உள்ளே ஒருவகைத் தித்திப்பு வாடை வீசும். கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பூச்சுப் போல மங்கும். கால்வைக்கும் விரிப்பு ஈரமாகும். வண்டியின் கீழே சொட்டு விழாதிருந்தும் கூலன்ட் நாள்தோறும் குறையும். ஆனால் விரிப்பின் ஈரமெல்லாம் ஹீட்டரின் ஒழுகல் அன்று. ஏ.சி.யின் வடிகுழாய் அடைபட்டாலும் உள்ளே நீர் தேங்கும். அந்நீர் நிறமும் வாடையும் அற்றது. கூலன்டோ நிறமுடையது, விரலில் வழுவழுக்கும். இவ்வேறுபாட்டைத் தெளிந்த பின்னரே மேற்செல்ல வேண்டும்.

ஒழுகலை அசட்டை செய்தல் ஆகாது. நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது; இங்கே திறந்த பாத்திரத்து நீர் சுமார் 97 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்குவதாலேயே வண்டியின் நீர் அதற்கு மேலும் கொதியாமல் நிற்கின்றது. ஒழுகல் பெருகினால் அழுத்தம் நில்லாது. நீர் குறைந்தால் ஹெட் காஸ்கெட் எரியும், இயந்திரமே பாழாகும். வெப்பமானியை மட்டும் நம்பியிருத்தலும் தகாது. நீர் வற்றி உணர்கருவி வெறுமையில் நின்றால், முள் தாழ்வாகவே காட்டக்கூடும்.

மஞ்சள்தூளைக் கொட்டி ஒழுகலை அடைப்பது நம் நாட்டு ஓட்டுநர்களின் பழைய கைவைத்தியம். கடையில் விற்கும் அடைப்பு மருந்தும் அவ்வினத்ததே. சிறு துளை சில நாள் அடங்கலாம். ஆனால் அத்தூள் ரேடியேட்டரின் நுண்ணிய குழல்களையும் அடைத்துவிடும். புதிய ஹீட்டர் கோர் பொருத்துவதே முறையான வைத்தியம். ஆனால் பல வண்டிகளில் அதற்கு டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். பொருளின் விலையைக் கூலி விஞ்சிவிடும். கையில் பணம் சேரும்வரை வண்டி ஓட வேண்டுமாயின், ஹீட்டரை விலக்கி நீரைச் சுற்றிவிடுவதே வழி.

அன்பர்களே, இரயில்வேயில் இதற்கோர் உவமை உண்டு. ஒரு பெட்டியின் பிரேக் பழுதானால், அப்பெட்டியின் பிரேக்கை மட்டும் தனிப்படுத்துவர். காற்றுக்குழாயோ அப்பெட்டியின் வழியே தொடர்ந்து சென்று, பின்னுள்ள பெட்டிகளுக்கு உயிரூட்டும். குழாயையே அடைத்துவிட்டால் பின்னுள்ள பெட்டிகளெல்லாம் பிரேக்கின்றி நிற்கும். ஹீட்டரை விலக்குவதிலும் இதுவே நெறி: கருவி விலகலாம், ஓட்டம் அறுபடலாகாது.

செய்முறையைக் கூறுவோம். முதலில் இயந்திரம் முற்றிலும் ஆறட்டும். சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், கொதிநீர் சீறி முகத்தையும் கையையும் வேகச்செய்யும். ஆறியபின், கீழே அகன்ற தட்டு வைத்துக் கூலன்டை வடிக்க வேண்டும். பின்சுவரில் நுழையும் இரு குழாய்களையும் கண்டு, அடையாளமிட்டு, கிளிப்புகளைத் தளர்த்தி, ஹீட்டர்ப் பக்கத்திலிருந்து கழற்ற வேண்டும். இரு குழாய்களின் முனைகளையும் ஒரு சிறு உலோகக் குழலால் இணைத்துக் கிளிப்புகளால் இறுக்கலாம். அல்லது இயந்திரத்திலிருந்து புறப்படும் வாயையும் திரும்பும் வாயையும் ஒரே இரப்பர்க் குழாயால் சேர்க்கலாம். பல வண்டிகளில் உள்விட்டம் 16 அல்லது 19 மில்லிமீட்டர்; அளந்து வாங்குதல் நன்று. கூலன்டுக்கென்றே செய்த குழாய்தான் வேண்டும். தோட்டத்துக் குழாய் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்காது. குழாய் மடிந்து நெரியாமலும், மின்விசிறியையும் புகைக்குழாயையும் தொடாமலும் இருத்தல் வேண்டும்.

இரு வாய்களையும் ஆணியடித்தாற்போல் அடைத்தால் என்னவென்று சிலர் வினவுவர். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும் வேளையில், சில இயந்திரங்களில் நீர் சுழல்வது ஹீட்டர்க் கிளையின் வழியாகவே. அதனை அடைத்தால் நீர் தேங்கி, ஓரிடம் மட்டும் கொதிக்கும். ஆதலின் வளையமாக இணைப்பதே பாதுகாப்பு.

பின்னர், வண்டிக்கு உரிய கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் உரிய அளவில் கலந்து நிரப்புக. மூடியைத் திறந்தபடியே, ஆறிய இயந்திரத்தை ஓடவிட்டு, சிக்கிய காற்று குமிழியாய் வெளியேறும்வரை மட்டத்தை நிரப்பிவர வேண்டும். காற்று நீக்கும் திருகு இருப்பின் அதனையும் பயன்படுத்துக. மறுநாட்காலை மட்டத்தையும் கிளிப்புகளையும் மீண்டும் பார்க்க. வடித்த நீரைத் தெருவில் கொட்டலாகாது. அதிலுள்ள எத்திலின் கிளைக்கால் தித்திப்பானது, ஆயினும் நஞ்சு. நாயும் பூனையும் நக்கினால் மடியும், குழந்தை குடித்தாலும் உயிருக்கு ஆபத்து. விரிப்பையும் நன்கு கழுவி உலர்த்துதல் வேண்டும்.

இனி, இழப்பையும் எண்ணிப் பார்ப்போம். நம் ஊரில் கதகதப்பின்றி வாழலாம். மழைநாளில் கண்ணாடியின் உட்புறம் மூடினால், வெளிக்காற்றைத் திறந்து ஏ.சி.யை ஓட்டினால் பெரும்பாலும் தெளியும். ஆனால் மார்கழிக் குளிரில் உதகைக்குச் சவாரி செல்வோனுக்கு அது போதாமற் போகலாம். பனிகொட்டும் கனடாவில் வாழும் நம் உறவினர் இவ்வழியைப் பின்பற்றுதல் கூடவே கூடாது. கண்ணாடி தெரியாத வண்டி, கண் தெரியாத வண்டியே அன்றோ!

இறுதியாக ஒரு சொல். பிரேக் தனிப்படுத்திய பெட்டியை இரயில்வே மறைப்பதில்லை. பிரேக் பவர் சர்டிபிகேட்டில் அது குறிக்கப்படும். அடுத்துப் பொறுப்பேற்பவர் அறிந்தே வண்டியை எடுப்பார். நாமும் அவ்வாறே, 'ஹீட்டர் விலக்கப்பட்டது' என்று தேதியுடன் எழுதிப் பானெட்டின் உட்புறம் ஒட்டுவோம். வண்டியை விற்குங்கால் வாங்குவோனிடம் வாய்விட்டுச் சொல்வோம். விலை சிறிது குறையலாம். ஆயினும் அவன் தன் மனைவி மக்களோடு மலையேறும் நாளில், மூடிய கண்ணாடிக்கு முன் திகைத்து நில்லான். உழைத்து வாழும் மக்களிடையே வாங்குவோனும் விற்போனும் அண்டை வீட்டாரே. பழுதை விலக்குதல் திறமை; விலக்கியதை விளம்புதல் நேர்மை. இரண்டும் நம்மிடம் நிலைப்பதாக.