பொய்ப்பெருக்கும் செவிச்சோர்வும்

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்கச் செயலாளர் எம்மை நோக்கி, "ஆண்டுதோறும் இலக்கியம் பேசுகின்றீர்; இவ்வாண்டு குடும்பங்கட்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பேசுக" எனப் பணித்தனர். ஆகலின் பொய்ச்செய்தியைப் பற்றிச் சில கூற எழுந்தோம். பொய்யை நம்பிக் கெட்டாரைப் பற்றி யாவரும் பேசுவர். யாம் கருதியது பிறிதொன்று. நாளும் பொய்யையே கேட்டுச் செவி சலித்து, மெய் வந்து வாயிலில் நின்றபோதும் எழாதிருந்தாரைப் பற்றியது அது.

"புலி வருகிறது" என்று பொய்யாகக் கூவிய இடைச்சிறுவன் கதையை அறியாதார் இவ்வவையில் இலர். பொய்யனை ஒருவரும் நம்பார் என்னும் நீதியைக் கூறிப் பள்ளியில் அக்கதையை முடித்துவிடுகின்றோம். ஆயின் மாண்டவை யாவை? ஆடுகள் அல்லவோ? அவை பொய் சொல்லினவோ? ஒருவன் செய்த பிழைக்குரிய தண்டம் குற்றமற்ற உயிர்களின்மேல் விழுந்தது. உலக வரலாற்றிலும் இஃது ஒருகால் மிகக் கொடிய அளவில் நிகழ்ந்தது.

1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மானியப் படை பெல்ஜியம் நாட்டினுட் புகுந்தது. அங்கும் பிரான்சிலும் படைக்கலம் ஏந்தாத குடிகள் 6,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். லூவேன் நகரத்து நூல்நிலையம் எரியூட்டப்பட்டது. இவை மெய். மெய்யே போதிய அளவு கொடிதாயிருந்தும், எதிர்ப்பக்கத்தார் அதனோடு அமையாராய், குழந்தைகளின் கைகளைத் தறித்தனர் என்பது முதலிய சான்றில்லாக் கதைகளையும் பரப்பினர். 1917-ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டன் மாநகரத்து 'டைம்ஸ்', 'டெய்லி மெயில்' என்னும் இதழ்கள், ஜெர்மானியர் தம் போர்வீரரின் பிணங்களிலிருந்து கொழுப்பெடுக்கும் தொழிற்சாலை நடத்துகின்றனர் என்று வெளியிட்டன. 'கடாவர்' என்னும் ஜெர்மானியச் சொல் விலங்கின் பிணத்தைக் குறித்து வழங்குவது. அதனை மனிதப் பிணம் எனத் திரித்துக் கொண்டமையால் ஒரு பொய் உலகெங்கும் உலவிற்று. சொற்பொருள் ஆராய்தலையே தொழிலாக உடைய எம்மனோர்க்கு இது மறக்கத்தக்கதன்று.

போர் ஓய்ந்தபின் உண்மை வெளிப்பட்டது. 1925-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் அயல்நாட்டமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன், அச்செய்திக்கு அடிப்படை இல்லை என்னும் ஜெர்மானியரின் மறுப்பைப் பார்லிமெண்டில் ஏற்றுக்கொண்டார். 1928-ஆம் ஆண்டில் ஆர்தர் பான்சன்பி என்பார் போர்க்காலப் பொய்களைத் தொகுத்து ஒரு நூலே வெளியிட்டார். தாம் ஏமாற்றப்பட்டமை அறிந்து மக்கள் நாணினர். இனி இத்தகைய கதைகட்குச் செவி கொடுப்பதில்லை எனப் பலர் உறுதி பூண்டனர்.

அவ்வுறுதிக்கு விலை கொடுத்தவர் யாவர்? இரண்டாம் உலகப் போரில் ஹிட்லர் ஆட்சியார் யூத மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றனர். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கெர்ஹார்ட் ரீக்னர் என்பார் ஜெனீவாவிலிருந்து இதனை அறிவித்தபோது, அமெரிக்க அயல்நாட்டுத் துறையார் வதந்தி எனத் தள்ளினர். டிசம்பர் 17-ஆம் நாள் நேசநாடுகளே கூடி அறிக்கை விடுத்தன. அதன்பின்னும், 1943-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மக்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பொன்றில், இருபது லட்சம் யூதர் கொல்லப்பட்டனர் என்பதை மெய்யெனக் கொண்டவர் 100-க்கு 47 பேரே. அவ்வாண்டில் போலந்து நாட்டுத் தூதர் யான் கார்ஸ்கி, தாம் கண்ணாற் கண்டவற்றை அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்து நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரிடம் நேரில் உரைத்தார். அந்நீதிபதி தாமும் யூதரே. கார்ஸ்கியைப் பொய்யர் என அவர் கூறவில்லை; தம்மால் நம்ப இயலவில்லை என்றே கூறினார். பிரிட்டிஷ் உளவுக் குழுவின் தலைவராயிருந்த காவெண்டிஷ் பெண்டிங்க் என்பாரோ, இக்கதைகள் முன்னைப் போரின் பிணக்கொழுப்புக் கதையை நினைவூட்டுகின்றன என்றே எழுதினார். இறுதியில் மாண்ட யூதர் ஏறத்தாழ 60 லட்சம். உதவி எழாமைக்கு இனவெறுப்பும் அரசியலும் ஆகிய பிற காரணங்களும் உள. எனினும் பழைய பொய் புதிய மெய்யின் வாயை அடைத்தது என்பதில் ஐயமில்லை.

இனி நம் மனைகளை நோக்குவோம். 2018-ஆம் ஆண்டில் குழந்தை கடத்துவோர் என்னும் பொய்வதந்தியால் நம் நாட்டின் பல மாநிலங்களில் ஏதுமறியா மக்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். வாட்ஸாப் நிறுவனத்தார் அவ்வாண்டே, ஒரு செய்தியை இந்தியாவில் ஒருமுறைக்கு ஐந்து இடங்கட்கு மேல் அனுப்பாதவாறு வரம்பிட்டனர். நம்பியதால் விளைந்த கேடு அது. நம்பாமையால் விளையவிருந்த கேடு ஒன்றுக்கு யாமே சான்று.

சென்ற ஐப்பசியில், 'ஓ நெகடிவ்' குருதி உடனே வேண்டும் என நம் சங்கக் குழுவில் ஒரு செய்தி வந்தது. அதற்கு முந்திய திங்களில் அத்தகையன மூன்று வந்திருந்தன. அவற்றுள் ஒன்றிற் குறித்த எண்ணை அழைத்தேம். தம் பிள்ளை நலமுற்று நான்கு ஆண்டுகள் ஆயின என்றும், அழைப்புகள் இன்னும் ஓயவில்லை என்றும் தந்தையார் வருந்தினார். ஆகவே இதுவும் அன்னதே என்று தள்ளிவிட்டு, விடைத்தாள் திருத்தப் புகுந்தோம். எம் குருதியும் அவ்வகையினதே.

அச்செய்தி மெய்யாயிருந்தது. நம் உறுப்பினர் ஒருவரின் மகள் பேற்றுக்காலத்தில் உயிருக்கு ஊசலாடினாள். நம் குலத்தாரும் அல்லாத, நம் ஊராரும் அல்லாத கல்லூரி மாணவர் இருவர் நள்ளிரவில் வந்து குருதி கொடுத்தனர். தாயும் சேயும் பிழைத்தனர். அப்பெண்ணின் தந்தை இவ்வவையில் அமர்ந்துள்ளார். அவர் எம்மைக் கடிந்திலர். "அண்ணா, தாங்கள் அச்செய்தியைப் பார்த்திருக்க மாட்டீர்கள்" என்றே கூறினார். அன்று யாம் வாளா இருந்தோம். இன்று சபையறியக் கூறுகின்றோம்: யாம் பார்த்தோம்.

அன்பர்களே! எல்லாவற்றையும் நம்புகின்றவன் ஆராய்கின்றிலன். எல்லாம் பொய்யென்று ஒதுக்குகின்றவனும் ஆராய்கின்றிலன். பின்னவன் தன்னை அறிஞனெனக் கருதிக்கொள்வது ஒன்றே வேற்றுமை. ஆகலின் மூன்று நெறிகளைப் பொதுக்கூட்டத்தின்முன் வைக்கின்றோம்.

முதலாவது, உதவி வேண்டும் செய்தி எதுவாயினும் நாளும் ஊரும் அதற்குப் பொறுப்பேற்கும் உறுப்பினர் பெயரும் தாங்கி வருக. இரண்டாவது, உதவி கிடைத்தவுடன் அனுப்பியவரே அதனை அறிவித்துச் செய்தியை நிறுத்துக. மூன்றாவது, தாம் அனுப்பியது பொய்யெனத் தெரியின், அதே குழுவில் பிழையை ஒப்புக்கொள்க. ஒப்புக்கொண்டாரைப் பிறர் எள்ளாதிருக்க.

பெயர் தாங்கிய செய்தி வருமாயின், "இதுவும் பொய்யாயிருக்கும்" என்று கிடவாது, பொறுப்பேற்றவரை ஒருமுறை அழைத்துக் கேட்பது நம் கடன். குருதி கொடுக்க இசைவார் பட்டியல் ஒன்றையும் இன்றே தொடங்குகின்றோம். அதன் முதல் வரியில் எம் பெயரை எழுதியுள்ளோம். கூட்டம் கலையுமுன் ஏனையோரும் எழுதுவீராக.