பிள்ளையின் விரல் ரேகையும் பெற்றோரின் ஒப்பமும்



பிரித்தானியாவின் பாடசாலைகள் பலவற்றில் மதிய உணவு பெறுவதற்குப் பிள்ளைகள் விரல் ரேகையைப் பதிக்கின்றனர். பணம் தொலையாது, வரிசை விரைந்து நகரும் என்று கருதிப் பெற்றோர் படிவத்தில் ஒப்பமிட்டுவிடுகின்றனர். எதற்கு ஒப்பமிடுகின்றனர் என்பதே இன்றைய பேச்சு.

ரேகைகள் முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் கருவி எண்களாக்கிச் சேமிக்கிறது. மறுமுறை விரல் வைக்கையில், இரண்டும் எவ்வளவு ஒத்துள்ளன என்று கணக்கிட்டுப் புள்ளியிடுகிறது. குறித்த எல்லையைப் புள்ளி தாண்டினால் கதவு திறக்கும். எல்லையைத் தாழ்த்தினால் பிறர் நுழைவர். உயர்த்தினால் உரியவரே வெளியில் நிற்பார். குரல், நடை, விசைப்பலகையில் தட்டும் தாளம் ஆகியவற்றுக்கும் கணக்கு இதுவே.

கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். விரலை மாற்ற இயலாது. அது இரகசியமும் அன்று; தொட்ட இடமெல்லாம் பதிகிறது. யேர்மனியின் உள்துறை அமைச்சராக இருந்த வொல்ப்காங் சொய்பிள பயன்படுத்திய நீர்க்குவளையிலிருந்து பெறப்பட்ட ரேகையை, 2008இல் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் தன் இதழில் வெளியிட்டது. கடவுச்சீட்டில் விரல் ரேகையைச் சேர்க்க வேண்டும் என்று வாதிட்டவர் அவர்!

புகலிடம் கோரி ஐரோப்பா வந்த ஈழத்தமிழர் பலருக்கு விரல் பதிப்பது பழகிய செயல். 2003 சனவரியில் இயங்கத் தொடங்கிய யூரோடாக் தரவுத்தளத்தில், 14 வயது நிரம்பிய ஒவ்வொரு புகலிடக் கோரிக்கையாளரின் ரேகையும் பதியப்பட்டது. 2024இல் நிறைவேறிய புதிய விதி அவ்வயதை 6 ஆகக் குறைத்தது. அங்கே மறுக்கும் தெரிவு இல்லை. அதிகாரி கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது போலும்.

பாடசாலையின் நிலை வேறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட மாணவரின் ரேகையைப் பெறப் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். பெற்றோர் இசைந்தாலும், பிள்ளை மறுத்தால் எடுக்கக்கூடாது. இளையோர் இதைக் கவனிக்க வேண்டும். மறுப்போருக்குப் பாடசாலை மாற்றுவழி செய்து தர வேண்டும்.

சுவீடனில் மாணவரின் வரவை முகத்தை அடையாளங்காணும் கருவியால் பதிந்த ஒரு நகராட்சிக்கு 2019இல் 2,00,000 குரோனர் தண்டம் விதிக்கப்பட்டது. ஒப்புதல் பெற்றே செய்ததாக வாதிடப்பட்டது. பாடசாலையைச் சார்ந்து நிற்பவரின் ஒப்புதல் சுயவிருப்பமான ஒப்புதல் ஆகாது என்றது தரவுப் பாதுகாப்பு ஆணையம்.

படிவம் வீட்டுக்கு வந்தால், தரவு எங்கே வைக்கப்படும், பிள்ளை பாடசாலையை விட்டு விலகியதும் எப்போது அழிக்கப்படும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பமிடுமுன் பிள்ளையையும் கேளுங்கள்.