வீட்டு வண்டியில் ஒரு நாடு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

     

நியூசிலாந்து நாட்டில் நாங்கள் இருவரும் மேற்கொண்ட பயணத்தைப் பற்றி இவ்விழாவில் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். கணவனும் மனைவியுமாய்ச் சென்றுவந்த பயணம் ஆதலின், இருவர் சொல்லையும் ஒரு சொல்லாக்கி உங்கள் முன் வைக்கின்றோம். மலையழகையும் ஏரியழகையும் காண விரும்புவோர்க்குப் படங்கள் பல உண்டு. வழிகாட்டியும் இன்றி, உடன்வரும் கூட்டமும் இன்றி, அயல்நாடு ஒன்றில் தாமே வண்டி ஓட்டிச் செல்வார்க்கு அந்நாடு கற்பிக்கும் பாடம் யாது என்பதே எங்கள் பேச்சின் பொருள்.

நம்மவர் வெளிநாடு செல்லும் முறையை நீங்கள் அறிவீர்கள். பயண நிறுவனத்தார் பேருந்தில் ஏற்றுகின்றனர், இறக்குகின்றனர், உணவு தருகின்றனர், உறங்குமிடம் காட்டுகின்றனர். அம்முறையில் வசதி உண்டு, குறைகூற ஒன்றுமில்லை. ஆயினும் அம்முறையில் செல்பவர் விருந்தினர். அந்நாட்டின் வாழ்வில் அவர்க்குப் பொறுப்பு ஏதும் இல்லை. தாமே வண்டி ஓட்டிச் செல்பவரோ, செல்லும் நாள்வரையில் அந்நாட்டின் குடிமகனைப் போன்றவர். சாலையின் சட்டம் அவரைக் கட்டும். நீரும் நெருப்பும் குப்பையும் அவர் பொறுப்பு. 'அறுபதைக் கடந்த உங்களுக்கு இது வேண்டுமா?' என்று நண்பர் சிலர் வினவினர். அந்தப் பொறுப்பை ஏற்றுப் பார்க்கவே நாங்கள் விரும்பினோம்.

நியூசிலாந்து பரப்பில் தமிழ்நாட்டைப் போல் இருமடங்கு. மக்கள் தொகையோ அரைக் கோடியைச் சற்றே விஞ்சும். வடதீவு, தென்தீவு எனப் பெருந்தீவுகள் இரண்டு. அவற்றுள் தென்தீவு முழுவதிலும் வாழ்வோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேரே. சாலையில் நம் நாட்டைப் போலவே இடப்பக்கம் ஓட்டுதல் வேண்டும். ஆதலின் நம்மவர்க்கு அங்கே வண்டி ஓட்டுதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓட்டுவதினும் எளிது.

முதற்பாடம் விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகின்றது. நம் வீட்டுப் பெட்டி எதுவும் பருப்புப்பொடியும் ஊறுகாயும் இன்றிக் கடல் கடப்பதில்லை. அந்நாட்டிலோ உண்பொருள் எதுவாயினும் முன்னரே எழுதி அறிவித்தல் வேண்டும். அறிவிக்கத் தவறினால் 400 டாலர் தண்டம் உடனே விதிக்கலாம். காலணியில் ஒட்டிய மண்ணையும் ஆராய்வர். இஃது அளவிறந்த கெடுபிடி என்று தோன்றலாம். காரணம் அறிந்தால் அவ்வாறு தோன்றாது. வெளவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி விலங்கு எதுவும் அத்தீவுகளில் இயற்கையாக இருந்ததில்லை. ஆதலின் பறவைகள் பல தரையிலேயே அஞ்சாது வாழ்ந்தன. மென்மயிர் வாணிகத்திற்கென 1837-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பாசம் என்னும் விலங்கைக் கொணர்ந்தனர். முயலை ஒழிக்கவென 1880-களில் ஸ்டோட் என்னும் கீரி போன்ற விலங்கைக் கொணர்ந்தனர். முன்னது காடுகளைத் தின்றது. பின்னது பறவைகளையும் முட்டைகளையும் தின்றது. வந்தவர் கொண்டுவந்ததால் இருந்தவை அழிந்த வரலாறு அது. எங்கள் பொடிகளை அறிவித்தோம், அலுவலர் பார்த்தார், புன்னகையோடு திருப்பித் தந்தார்.

ஆக்லாந்து நகரில் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஏறத்தாழ 640 கிலோமீட்டர் தென்திசை நோக்கி ஓட்டித் தலைநகராகிய வெலிங்டனை அடைந்தோம். அந்நகரில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் தொகுப்பில் தமிழர் அனைவரும் அறியத்தக்க பொருள் ஒன்று உண்டு. அது வெண்கலத்தாலான ஒரு கப்பல் மணியின் மேற்பகுதி. வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார் 1836 அளவில் வடதீவின் வடபகுதியில் அதனைக் கண்டார். மாவோரிப் பெண்டிர் அதனை உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். அதன் விளிம்பில் பொறித்திருந்தவை தமிழ் எழுத்துகள்! முகைதீன் பக்சு என்பாருடைய கப்பலின் மணி என்பது அவ்வெழுத்துகளின் பொருள். அக்கப்பல் அங்கு எவ்வாறு சென்றது என்பது இன்றளவும் விளங்காத புதிர். ஆனால் ஒன்று விளங்குகின்றது. அயல்மண்ணில் நாம் விட்டுச் செல்லும் பொருளே நம் பெயரை அங்கே சொல்லிக்கொண்டிருக்கும். அம்மணி விட்டுச் சென்றது தமிழெழுத்து; நாங்கள் எதனை விட்டுச் செல்லப் போகின்றோம் என்னும் எண்ணம் அங்கிருந்து எங்களோடு வந்தது.

வெலிங்டனில் காரை ஒப்படைத்துவிட்டு, கப்பலில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் குக் நீரிணையைக் கடந்து, கிறைஸ்ட்சர்ச் நகரை அடைந்தோம். அங்கே தான் எங்கள் 'வீட்டு வண்டி' காத்திருந்தது. கேம்பர்வேன் என்று அதனை வழங்குகின்றனர். நம் பாட்டனார் காலத்துக் கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் பரப்பிப் படுக்கை, தொங்கவிட்ட அரிக்கேன் விளக்கு, கட்டுச்சோறு, அடியில் ஒரு நீர்க்குடம். அவ்வளவையும் கொண்டு குடும்பமே திருவிழாவிற்குச் சென்றதன்றோ? அதே கூண்டு வண்டி தான், மாட்டுக்கு மாறாகப் பொறியால் ஓடுகின்றது. பகலில் மேசையாக இருப்பது இரவில் கட்டிலாக விரிகின்றது. எரிவாயு அடுப்பும், சிறு குளிர்ப்பெட்டியும், நீர்த்தொட்டியும், கழிப்பறையும் உள்ளே அடங்கியுள்ளன.

இத்தகைய வண்டியில் செல்பவர், தடை செய்யாத பொது இடங்களில் கட்டணமின்றி இரவு தங்கலாம். 'உரிமையோடு தங்குதல்' என்று பொருள்படும் சொல்லால் அதனைக் குறிக்கின்றனர். 2011-இல் அதற்கெனச் சட்டம் இயற்றி, 2023-இல் திருத்தினர். ஊராட்சிகளுக்குரிய இடங்களில் வண்டியோடு தங்க விரும்புவோர், தம் தேவையைத் தாமே நிறைவு செய்யும் வண்டி என்னும் சான்று பெறுதல் வேண்டும் என்பது பொதுவிதி. அச்சான்றுக்கு வேண்டியவை யாவை? தலைக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராக மூன்று நாளைக்குப் போதுமான நல்ல நீர், கழுவிய நீரைத் தேக்கும் தொட்டி, மூடியுள்ள குப்பைக்கூடை, வண்டியினுள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை. சுருங்கக் கூறின், மண்ணில் ஒரு துளி அழுக்கும் விடாமல் மூன்று நாள் வாழவல்லவர்க்கே அவ்வுரிமை. உரிமையும் கடமையும் ஒரே தாளில் எழுதப்பெற்றிருக்கும் அழகைக் கண்டு வியந்தோம்.

நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றவுடன் இங்கே தாய்மார்கள் சிரிக்கின்றீர்கள். குளிப்பதற்குத் தங்குமிடங்களில் தனி வசதி உண்டு. இக்கணக்கு குடிக்கவும் சமைக்கவும் கழுவவும். ஒரு குவளை நீரில் தட்டு கழுவும் கலையை இரண்டே நாளில் கற்றுவிடலாம். குழாயைத் திறந்தபடி விட்டுப் பேசும் வழக்கமும் அதே இரண்டு நாளில் மறந்துவிடும்.

தெக்காப்போ ஏரிக்கரையில் முதலில் தங்கினோம். அவ்வட்டாரத்தில் 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலப்பரப்பு, 2012 முதல் இருள்வானக் காப்பகமாக விளங்குகின்றது. ஒளி மேல்நோக்கிச் சிதறாதவாறு தெரு விளக்குகளுக்கு மூடி இட்டுள்ளனர். வானம் அனைவர்க்கும் உரியது, அதனை ஒருவர் விளக்கு மறைத்தல் ஆகாது என்பது அவ்வூரார் கொள்கை. அன்றிரவு பால்வீதியைக் கண்டோம். வடநாட்டு நகரத்தில் பல்லாண்டு வாழ்ந்து, வானத்தில் விண்மீன் உண்டு என்பதையே மறந்திருந்த எங்களுக்கு அது புதிய வானமாகத் தோன்றியது.

அங்கிருந்து 3,724 மீட்டர் உயரமுள்ள அவுராக்கி மலையின் அடிவாரத்தைக் கண்டு, வானாக்கா ஏரி வழியாக, 1965-இல் நிறைவுற்ற காசுட்டு கணவாய்ச் சாலையில் மேற்குக் கடற்கரைக்கு இறங்கினோம். வழியில் ஒற்றைப் பாலங்கள் பல. ஒரு வண்டி மட்டுமே செல்லலாம். பாலத்தின் முன் ஒரு பலகை. அதில் இரண்டு அம்புக்குறிகள். நம் பக்கத்து அம்பு சிறிதாகவும் சிவப்பாகவும் இருப்பின் எதிர்வருவோர்க்கு நாம் வழிவிடல் வேண்டும். பெரிதாக இருப்பின் வழி நமதே. காவலர் இல்லை, விளக்கு இல்லை, ஒலிப்பான் இல்லை. சரக்கேற்றிய பெரிய லாரி ஒன்று எங்கள் சிறிய வண்டிக்காக அமைதியாக நின்றது. ஓட்டுநர் ஒரு விரலை உயர்த்தி வணக்கம் காட்டினார். வலியவன் மெலியவனுக்கு நின்று வழிவிடும் காட்சி, நம் பெருநகரச் சாலைகளில் வண்டி ஓட்டுவோர்க்கு எத்துணைப் புதுமை என்பதை நாங்கள் விரித்துக் கூற வேண்டுவதில்லை. நம் வண்டிக்குப் பின்னால் பிற வண்டிகள் தேங்கினால், ஓரமாக ஒதுங்கி அவற்றை முன்விடுதலும் அங்கே ஓட்டுநர் கடமை.

மற்றொரு வியப்பும் உண்டு. தோட்டங்களின் வாயிலில் பழத்தையும் முட்டையையும் வைத்து, பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி வைத்திருப்பர். விற்பவர் இருப்பதில்லை. பொருளை எடுப்பவர் விலையைப் பெட்டியில் இடுவர். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் எளிய தங்குமிடங்கள் சிலவற்றிலும் அவ்வாறே கட்டணத்தை உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் போடுதல் உண்டு. காண்பார் இல்லாவிடத்துக் கொடுப்பதே கொடை என்பதை அங்கே உணர்ந்தோம்.

செல்ல விழைவோர்க்குச் சில சொற்கள். நாளொன்றுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். மலைச்சாலையில் வரைபடத்தின் கணக்குப் பொய்க்கும். மேற்குக் கரையில் எரிபொருள் நிலையங்கள் தொலைவு தொலைவாக உள்ளன. பாதித் தொட்டி குறைந்தவுடன் நிரப்புங்கள். நெடுந்தொலைவு கைப்பேசி இயங்காது. ஆதலின் தாளில் அச்சிட்ட வரைபடமும் கையில் இருக்கட்டும். பெருமழை மிகுந்த பகுதி அது. புறப்படுமுன் சாலை திறந்துள்ளதா என்று கேட்டறியுங்கள். மணல் ஈ கடிக்கும். முழுக்கைச் சட்டை நன்று. ஆர்தர் கணவாயில் கியா என்னும் மலைக்கிளி வண்டியின் இரப்பர்ப் பட்டைகளைக் கொத்திப் பிடுங்கும். அதற்குத் தீனி மட்டும் கொடுக்காதீர்கள்.

இனி, நாங்கள் பேச வந்த பொருளின் உயிர்நிலைக்கு வருகின்றோம். வண்டியில் உள்ள கழிப்பறையின் கீழே ஒரு பெட்டி உண்டு. இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அது நிரம்பும். அதனை வெளியே இழுத்து, கழிவு கொட்டும் நிலையத்திற்குத் தாமே தூக்கிச் சென்று, கொட்டி, கழுவி, மீண்டும் பொருத்துதல் வேண்டும். அதற்கென ஆள் எவரும் அங்கே இல்லை. கூலி கொடுத்தாலும் கிடைப்பதில்லை.

முதல் முறை அப்பெட்டியின் முன் நாங்கள் இருவரும் சற்றுநேரம் பேசாமல் நின்றோம். கைக்கு உறை அணிந்தோம். ஆளுக்கு ஒருபுறம் பிடித்துத் தூக்கினோம். எங்களுக்கு முன் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர், தம் பெட்டியைக் கழுவி முடித்து, குழாயை எங்கள் கையில் தந்து, 'நல்ல நாள்' என்று வாழ்த்திச் சென்றார். அவர் முகத்தில் அருவருப்பும் இல்லை, நாணமும் இல்லை. பல் துலக்குவது போல் அதுவும் ஒரு வேலை, அவ்வளவே. பத்து நிமிடத்தில் எங்கள் வேலையும் முடிந்தது. ஆனால் அவ்வேலை எழுப்பிய வினா இன்னும் முடியவில்லை.

அறுபது ஆண்டுகளாக எங்கள் அழுக்கை யார் சுமந்தனர்? அவர் பெயர் என்ன? அவர்க்குக் கையுறை இருந்ததா? அவர் நம் வாயிலில் தண்ணீர் கேட்டால் எந்தக் குவளையில் கொடுத்தோம்?

மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையில் எவரையும் அமர்த்துதல் ஆகாது என்று 2013-இல் நம் நாட்டில் சட்டம் இயற்றினர். காப்பின்றிக் கழிவுத்தொட்டியில் இறக்குதலையும் அச்சட்டம் தடுக்கின்றது. அதன் பின்னும் நச்சுக்காற்றால் மாண்டவர் செய்தியை நாம் நாளிதழில் படித்துக்கொண்டே இருக்கின்றோம்; படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகின்றோம். நியூசிலாந்து மக்கள் நம்மினும் உயர்ந்த பிறவிகள் அல்லர். அங்கும் குப்பை எறிந்து சென்றவர் இருந்தமையால் அன்றோ சட்டம் வேண்டியிருந்தது? தன் அழுக்குக்குத் தானே பொறுப்பு என்னும் ஒரு நெறியை அவர்கள் பயணத்தின் விலையாக வைத்துள்ளனர், வேறுபாடு அவ்வளவே. அவ்விலையைக் கொடுத்தவர்க்கு ஏரியும் மலையும் விண்மீனும் திறந்து கிடக்கின்றன.

அன்பர்களே! ஊரைவிட்டு வந்து, மொழி வேறாகிய மண்ணில் குடியமைத்துள்ளோம் நாம். நாமும் ஒருவகையில் வீட்டு வண்டியில் வந்தவர்களே. நம் சங்கம் பொங்கலும் இசையும் பட்டிமன்றமும் நடத்தி நற்பெயர் ஈட்டியுள்ளது. அதனோடு இரண்டு சிறு செயல்களைச் செய்ய வேண்டுகின்றோம். நம் விழாக்கள் முடிந்தவுடன் பந்தலையும் இலையையும் நாமே, இளைஞரும் முதியோருமாய், கூட்டி அகற்றிவிட்டு வீடு திரும்புவோம். நம் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்ய வருவோர் பொறியோடு வருகின்றனரா, எவரேனும் உள்ளே இறங்குகின்றனரா என்பதைக் கேட்டறியும் பொறுப்பைச் சங்கம் ஏற்கட்டும். இறங்குவர் எனின், அன்று அவ்வேலை நடைபெற வேண்டா.

நல்ல பயணம் நாட்டைக் காட்டும். மிக நல்ல பயணம் நம் வீட்டையே நமக்குப் புதிதாகக் காட்டும்.